மிதிகட்டைக் கயிறு

இன்று காலை ஏழு மணிக்கே போன் அடித்தது. பிள்ளையார்பாளையத்தில் நெய்கிற பெரியவர் போனைத் தறிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "சத்தம் சரியில்லமா. இன்னான்னு கேட்டுச் சொல்லு" என்றார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். ஒரு மிதிக்கும் அடுத்த மிதிக்கும் நடுவில் சின்ன இடைவெளி. கடைசி நாட்களில் உன் தறி இப்படித்தான் ஓடியது. "கொஞ்சம் இருங்கண்ணே" என்றேன்.

நீ போய் இரண்டு வருடமாகிறது. இந்த வேலையை எனக்குக் கண்டுபிடித்துக் கொடுத்தவள் நீ. என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால், "தறி கேட்கிறேன்" என்கிறேன். திருதிருவென்று விழிக்கிறார்கள்.

ஒரே கொட்டகையில் அடுத்தடுத்த குழித்தறிகளில் பன்னிரண்டு வருடம் பட்டு நெய்தவர்கள் நாம். என் தசைகள் ஒவ்வொன்றாக வலுவிழந்துகொண்டே போகும் என்று டாக்டர் சொன்னார். முதலில் கால். மிதிகட்டையை அழுத்த முடியாமல் நான் குழியை விட்டு ஏறியபோது தெருவே பரிதாபப்பட்டது. நீ மட்டும் என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய். "எந்த வெரலு இன்னும் நல்லா இருக்குது? ஆட்டு, பாக்கலாம்."

எனக்கு எரிச்சலாக வந்தது. "நான் இன்னா பொருட்காட்சியாடி?"

"ஏன், டிக்கெட் வாங்கினாதான் காட்டுவியா?"

பிறகு பாவு பிணைக்க உட்கார்ந்தேன். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூல் தீரப்போகும்போது அதன் நுனியில் புதுப் பாவை இழை இழையாக விரலால் முறுக்கிச் சேர்க்கும் வேலை. மூன்று வருடம் ஓடியது. விரல்களும் தளர்ந்தன. இனி என்ன என்று யோசிக்கவே பயந்துகொண்டிருந்த ஒரு நாள், உனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தபடியே, "ஊடை நூலு அறுந்துடிச்சு, நிறுத்துடி" என்றேன். குனிந்து பார்த்தாய். குறுக்கே ஓடும் அந்த நூல் அறுந்துதான் இருந்தது.

"ஒனக்கு எப்படிடி தெரிஞ்சுது?"

எனக்கே தெரியவில்லை. உன்னால் அதை விட முடியவில்லை. வேண்டுமென்றே எதையாவது தளர்த்திவிட்டு, "இப்ப இன்னா கோளாறு, சொல்லு" என்பாய். தப்பாகச் சொன்னால் சிரிப்பாய். சரியாகச் சொன்னால் இன்னும் அதிகமாகச் சிரிப்பாய். முதலாளியிடம் போய் நின்றதும் நீதான். "ஏழு தறிக்கு ஒரு காது வேணுங்க. இவகிட்ட ரெண்டு இருக்குது."

உன் கடைசி ஆடி மாதத்தில் உன் தறியின் சத்தம் மாறியது. மிதிகட்டைக் கயிறு தளர்ந்திருக்கிறது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். இறுக்கிக் கட்டினாய். நாலு நாளில் மறுபடியும் அதே சத்தம், அதே தீர்ப்பு. மறுபடியும் இறுக்கினாய். "இப்ப சரியா?" என்று கேட்கும்போதே உனக்கு மூச்சு வாங்கியது. நானோ தறியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். கயிற்றில் ஒரு குறையும் இல்லை, உன் இதயம்தான் ஓய்ந்துகொண்டிருந்தது என்பது ஆஸ்பத்திரியில்தான் தெரிந்தது. நான் இறுக்கச் சொன்ன கயிறு உன் காலுக்கு எவ்வளவு கனத்திருக்கும்.

உன் மேல் எனக்குக் கோபம் உண்டு. என் விரல்களை எண்ணிக்கொண்டிருந்தவள் உன் நெஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மேல் அதைவிடக் கோபம்.

இப்போது கழுத்தும் தளர்கிறது. கட்டிலில் சாய்ந்தபடி போனிலேயே வேலை நடக்கிறது. பயம் இருக்கிறது. ஆனாலும் அடுத்து எது மிஞ்சும், அதை வைத்து என்ன செய்யலாம் என்று பார்க்கிற ஆசையும் கூடவே வருகிறது. அது உன்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது.

பெரியவர் காத்திருந்தார். "கயிறாமா? இறுக்கிடட்டுமா?"

"கயிறு இருக்கட்டும்ணே. தறிய நிறுத்துங்க. போனை வாய்கிட்ட வெச்சிக்கினு பத்து வரைக்கும் எண்ணுங்க."

"எதுக்குமா?"

"எண்ணுங்களேன்."

அவர் எண்ண ஆரம்பித்தார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். பத்தும் மூச்சு வாங்காமல் வந்த பிறகுதான் கயிற்றைப் பற்றிப் பேசினேன்.