இடது சக்கரத்தில் இருந்த தோல் துண்டு

என் டேவிட்டுக்கு, என் ஒரே தோஸ்த்துக்கு,

நீ கர்த்தரிடம் போய் நான்கு வருடம். உன் எஸ்தருக்கும் எனக்கும் கல்யாணமாகி ஒன்றரை வருடம். சர்ச்சில் ஊரறியச் செய்த கல்யாணம். ஆனால் இன்றைக்கு நான் எழுத உட்கார்ந்தது உன் வண்டியைப் பற்றி. கூடவே என் வயிற்றெரிச்சலைப் பற்றி.

உன் பழைய வெள்ளைக் காரைத்தான் இன்னும் ஓட்டுகிறேன். பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் இழுக்கிறது. போன வாரம் பள்ளிகொண்டாவுக்குப் பக்கத்தில் ஒரு லாரிக்குப் பின்னால் அழுத்தி மிதித்தேன். ரோட்டு நடுவிலிருந்த தடுப்புக் கட்டையில் இடிக்காமல் தப்பியது கர்த்தர் புண்ணியம். பின்சீட்டில் உன் மகள் இருந்தாள். வீடு வரும் வரை நான் முப்பதைத் தாண்டவில்லை. எஸ்தர் மட்டும் பதறவே இல்லை.

"அவரோட ஏலகிரி மலைக்குப் போய்ட்டு வந்ததுலேர்ந்தே இப்படித்தாங்க. ஆனா அவரு கைக்கு நேரா நிக்கும்," என்றாள்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஷூ கம்பெனியில் மெஷின் ரிப்பேர் பார்க்கிறவன் நான். நீ கட்டிங் செக்‌ஷனில் தோல் வெட்டியவன். ஆனாலும் வண்டி உன் கைக்குத்தான் அடங்குமாம். ரசத்துக்கு உப்பு, பாப்பாவுக்குத் தலை பின்னுவது, இப்போது பிரேக். எல்லாவற்றிலும் நீதான் முதல். உயிரோடு இருக்கிறவன் என்றால் சண்டையாவது போடலாம். செத்தவனோடு போட்டி போட்டு எவன் ஜெயித்தான்?

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டேன். பின் சக்கரங்களுக்குக் கல் வைத்தேன். வலது பக்கம் ஒரு குறையும் இல்லை. இடது சக்கரத்தைக் கழற்றி பிரேக் பேடை வெளியே இழுத்தால், அதன் பின்னால் ஒரு தோல் துண்டு! பேடின் அளவுக்குக் கச்சிதமாக வெட்டியது. சூட்டில் தோலிலிருந்த எண்ணெய் கசிந்து பேடு, டிஸ்க் எல்லாம் பிசுபிசுவென்று கிடந்தன. ஒரு பக்கம் வழுக்கி, மறுபக்கம் மட்டும் பிடித்தால் வண்டி இழுக்காமல் என்ன செய்யும்?

பிரேக் சத்தம் போடுகிறதென்று தோல் வைத்திருக்கிறாய். ஊரெல்லாம் தோல் கிடக்கிற ஆம்பூர்க்காரனைத் தவிர வேறு எவனுக்கு இந்தப் புத்தி வரும்? சொல்ல வெட்கமாக இருக்கிறது டேவிட், எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். துண்டைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன்.

"டேவிட் பண்ண வேலைய பாரு! பிரேக்குல போய் எவனாச்சும் தோல் வைப்பானா?"

எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். திருப்பிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள்.

"இத நான்தாங்க வெட்டிக் குடுத்தேன். ஏலகிரி கெளம்புறதுக்கு மொத நாளு. கீச்சு கீச்சுன்னு ஒரே பேஜாரு. நான் வீட்டுல ஷூவுக்குத் தெக்கிற லைனிங் தோலுல ஒரு துண்டு குடுன்னாரு. ரெண்டு பேருமா உக்காந்து அளவு எடுத்தோம்."

உன் தப்பில்கூட அவளுக்குப் பங்கு இருக்கிறது. நானும் அவளும் சேர்ந்து செய்த தப்பு என்று ஒன்றுகூட இல்லையே. இதற்கெல்லாமா ஒருவன் பொறாமைப்படுவான் என்று கேட்பாய். பட்டேன். குப்பையில் போடு என்று சொல்ல வாய் வரை வந்தது. அதற்குள் அவள் அதைத் தையல் மெஷின் டிராயரில் வைத்து மூடிவிட்டாள்.

டிஸ்க்கை நன்றாகத் துடைத்து, இரண்டு பக்கமும் புதுப் பேடு போட்டேன். பெடலை மிதித்துப் பார்க்க ஒரு ஆள் வேண்டும். கூப்பிடாமலே எஸ்தர் வந்து டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாள்.

"மிதி. இன்னும் மிதி. கெட்டியாச்சா?"

"ஆச்சுங்க. இன்னா, தோலு ஏதாச்சும் வெட்டித் தரணுமா?"

என்னை அவள் கேலி செய்தது அதுதான் முதல் தடவை.

மூன்று பேருமாக சர்வீஸ் ரோட்டுக்குப் போனோம். ஆளில்லாத இடமாகப் பார்த்து மிதித்தேன். வண்டி நூல் பிடித்தாற்போல் நின்றது. எஸ்தர்தான் நேராக இல்லை. வலது பக்கம் இழுத்தால் பக்கத்து சீட்டில் இருப்பவளின் உடம்பு இடது கதவில் போய் இடிக்கும். அதனால் பிரேக் போடும்போதே டிரைவர் பக்கம் சாய்ந்துகொள்ள உன் காலத்திலேயே பழகியிருக்கிறாள். இத்தனை நாள் வண்டி இழுத்த இழுப்பில் அது எனக்குத் தெரியவில்லை. இன்று இழுப்பு இல்லை. அவள் தோள் நேராக என் தோளில் வந்து நின்றது.

"நேரா நின்னுச்சு சித்தப்பா!" என்று பாப்பா பின்னாலிருந்து கைதட்டினாள்.

எஸ்தர் நிமிர்ந்துவிடுவாள் என்று நினைத்தேன். நிமிரவில்லை.

சாய்ந்தது உன் பழக்கத்தில், தெரியும். நிமிராமல் இருந்தது யாருக்காக? கியர் மாற்றினால் என் தோள் அசையும் என்று வண்டியை நியூட்ரலிலேயே விட்டு வைத்தேன்.

உன் வண்டியை இனி நேராகவே நிற்க வைப்பேன். அந்த டிராயரில் கை வைக்க மாட்டேன். இது சத்தியம். பொறாமையை விட்டுவிடுவேன் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

உன் தோஸ்த்,
உன் மகளுக்கு இன்னும் சித்தப்பா,
சாமு