செவ்வாய்தோறும் சாகும் இறால்கள்

ஆனி 4, செவ்வாய் (திருவள்ளுவர் ஆண்டு 2039)

காலையிலேயே வெக்கை. கடற்காற்று இன்னும் எழவில்லை. கண்ணாடித் தொட்டியில் மூன்று இறால் சாவு. பக்கவாட்டில் சாய்ந்து, கால்கள் மட்டும் சற்றுநேரம் துழாவி, பிறகு அதுவும் ஓய்ந்து.

தை மாதம் கொளத்தூர் வண்ணமீன் கடையில் வளர்க்க வாங்கியவை பத்து. விரல்நக அளவு, பழுத்த மிளகாயின் நிறம். ஐந்து மாதத்தில் அறுபதைத் தாண்டின. ஒன்றும் இறந்ததில்லை. வைகாசிக் கடைசியில் தொடங்கியது. ஒரு செவ்வாய் ஒன்று; அடுத்த செவ்வாய் இரண்டு; இன்று மூன்று. மற்றக் கிழமைகளில் ஒன்றுமில்லை.

செவ்வாய், ஏழுமலைக்கு விடுப்பு நாள்.

என் மனைவி வள்ளியின் தம்பி. காசிமேட்டுப் பனிக்கட்டி ஆலையில் வேலை. கரையோரம் இருந்த அவன் வீட்டைக் கடல் அரித்துக்கொண்டு போனபின் ஏழு மாதமாக எங்கள் கூடத்தில் படுக்கை. வேறு போக்கிடம் இல்லை. "இருக்கட்டும்" என்று முதலில் சொன்னவன் நான். ஆகவே வாய்விட்டுக் கேட்கத் தயக்கம். எழுதி வைக்கிறேன்.

மறவாமல்: வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் பேசக் குறிப்பு. தொண்டைக்குப் பனங்கற்கண்டு.

ஆனி 5, அறிவன் (புதன்)

ஏழுமலைக்கு எதிரானவை:

ஒன்று. தொட்டி வந்த புதிதில் சொன்னது: "இத்த வறுத்தா ஒரு வாய்க்குக் காணாது மாமா."

இரண்டு. தொட்டியைத் தொடாதே என்றேன். முகம் கறுத்தது. அதன்பின் இரண்டு நாள் பேச்சில்லை.

மூன்று. ஆலையின் அம்மோனியா நெடி அவன் கையை விட்டு நீங்குவதே இல்லை. அந்தக் கை நீரில் பட்டால்?

நான்கு. தேநீர்க் கடையில் என் மேடைத் தமிழை நடித்துக் காட்டுகிறான். கேட்டவர் சொன்னது. கைவிரலை ஆட்டுவதுகூட என்னைப் போலவே என்றார்.

அவன் சார்பாக: (வள்ளி வந்தாள், ஏட்டை மூடினேன்.)

நீரில் குற்றம் இருக்க வழியில்லை. குழாய்நீரில் மருந்து கலந்திருக்கும், ஒருநாள் வைத்திருந்து ஊற்றுங்கள் என்று கடைக்காரர் சொன்னபடியே செய்கிறேன். முன்பு நெகிழிக் குடத்தில் வைத்தேன். மணலி புதுநகர்க் கூட்டத்தில் பொன்னாடைக்கு மாற்றாகச் செம்புக்குடம் அளித்தார்கள்; அதுமுதல் அதில். முன்னோர் கண்ட முறை. திங்கள் மாலை ஊற்றுவது. தவறியதில்லை.

ஆனி 7, வெள்ளி

டோல்கேட் கூட்டத்தில் ஒரு மணிநேரம் பேசினேன். கடைசிப் பகுதியில் கைதட்டல் அடங்கவே இல்லை. தொண்டைக்கட்டு. கற்கண்டு வாங்க மறந்தேன்.

வீட்டுக்குள் நுழைகையில் தொட்டியருகே ஏழுமலை. வலக்கை முழங்கைவரை ஈரம். என்ன செய்கிறாய் என்றேன்.

"ஒண்ணுமில்ல மாமா. சும்மா பாத்துகினு இருந்தேன்."

பார்ப்பதற்குக் கை ஏன் நனையவேண்டும்? வள்ளி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்னைக் கண்டதும் உள்ளே போனாள். அக்காளும் தம்பியும் எதையோ மறைக்கிறார்கள்.

சினை இறால் ஒன்று பாசிக்குள் ஒதுங்கி நிற்கிறது. வயிற்றின்கீழ் இருபது, இருபத்தைந்து முட்டை இருக்கும். அடிக்கால்களால் ஓயாமல் விசிறிக்கொடுக்கிறது. அதற்கு ஏதேனும் நேர்ந்தால் பொறுக்கமாட்டேன்.

ஆனி 10, திங்கள்

நீர் மாற்றினேன். அதன்பின் மூடியின் விளிம்பெங்கும் கோலமாவு தூவினேன். கை பட்டால் தெரியும்.

வள்ளி: "இன்னாங்க, தொட்டிக்குக் கோலமா?"

எறும்புக்கு என்றேன். பொய் சொல்லும் நிலைக்கு என்னைக் கொண்டுவந்துவிட்டான்.

ஆனி 11, செவ்வாய்

மாவு கலைந்திருந்தது. நான்கு விரல் தடம், தெளிவாக. உள்ளே ஒன்பது சாவு.

ஏழுமலை கீழே தெருவில். தண்ணீர் வண்டிக்கு எங்கள் குடத்தோடு வரிசையில் நின்றான். செருப்புக்கூட இடாமல் இறங்கினேன். எல்லார் முன்னும் கேட்டேன். உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்பவன் என்றேன். கடல் கொண்டுபோனது உன் வீட்டை மட்டுமா, நன்றியையும் சேர்த்தா என்றேன். இன்னும் பல. தொண்டைக்கட்டு எங்கே போனதோ, குரல் முழுமையாக எழுந்தது. தெரு அடங்கியது. மேடையாயின் கைதட்டல் எழுந்திருக்கவேண்டிய இடம். எவரும் தட்டவில்லை.

அவன் குடத்தைக் கீழே வைத்தான்.

"தொட்டேன் மாமா. ஆனா சாவடிக்கல."

மாலையில் பை எடுத்துக்கொண்டு போய்விட்டான். ஆலையிலேயே படுத்துக்கொள்வானாம். வள்ளி சோறு போட்டு வைத்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

குற்றம் மெய்ப்பட்டது. ஆயினும் சோறு இறங்கவில்லை.

ஆனி 12, அறிவன்

இறந்தவற்றில் நான்கை மருந்துப் புட்டியில் இட்டுக் கொளத்தூர் சென்றேன். அம்மோனியாவால் செத்தவை என்று கடைக்காரர் வாயால் கேட்கவேண்டும், வள்ளியிடம் சொல்லவேண்டும். அதற்காகவே.

அவர் புட்டியைத் திறக்கவே இல்லை. எப்போது சாகின்றன? நீர் மாற்றிய மறுநாள். நீர் எங்கே பிடித்து வைக்கிறீர்கள்? செம்புக்குடத்தில்.

எழுதுகோலைக் காதில் செருகிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"செம்புத் தண்ணி மனுசனுக்கு நல்லதுய்யா. இறாலுக்கு வெசம். ஒரு ராத்திரி ஊறுனாலே போதும்."

நம்பவில்லை. நோயுற்ற இறாலை விற்றதை மறைக்கிறார் என்றே கருதினேன். மீன்தீனி வாங்க வந்திருந்த முதியவரைக் கேட்டேன். இதுகூடவா தெரியாது என்பதுபோல் அவரும் அதையே சொன்னார்.

பேருந்தில் விரல்விட்டு எண்ணினேன். குடம் வந்தது ஒரு வாரம்; முதற்சாவு அடுத்த வாரம். திங்கள் நீர், செவ்வாய் சாவு. அவன் விடுப்பு நாளாக மட்டுமே அதைப் பார்த்தேன்.

அப்படியானால் அந்த ஈரக்கை? வள்ளியைக் கேட்டேன்.

"வெக்கையில தண்ணி சுடுதுன்னு பொட்லத்துல ஐஸ் கட்டி எத்துகினு வருவான். கொஞ்ச நேரம் முக்கிப் புடிச்சுகினு நிப்பான். ஒங்களுக்குத் தெரிஞ்சா கத்துவீங்கன்னு நான்தான் சொல்லவாணான்னேன்."

நேற்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

"எங்க பேச வுட்டீங்க?"

ஆனி 13, வியாழன்

சொல்லவேண்டியதை மூன்று பக்கம் எழுதி எடுத்துக்கொண்டு காசிமேடு. ஆலைக்குள் பனிக்கட்டி நொறுக்கும் பொறியின் இரைச்சல். முதற்பக்கத்தைக்கூட முடிக்க இயலவில்லை. தாளை மடித்துவிட்டு, செம்புக்குடம் என்றேன், நான்தான் என்றேன், வீட்டுக்கு வா என்றேன்.

ஏழுமலை கொக்கியால் ஒரு பாளத்தை இழுத்து நிறுத்தினான்.

"எத்தினி மிச்சம்?"

நாற்பத்தைந்துக்கு மேல்.

"அந்தச் சினை?"

உயிரோடுதான் என்றேன். தலையசைத்தான். பொறியை நிறுத்தச் சொல்லி உள்ளே கைகாட்டினான்.

"திட்டுனது தெருவுல. வாபஸ் வாங்குறது இங்க வந்து, என் காதுலயா?"

பாளத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போனான். பொறி மீண்டும் ஓடத் தொடங்கியது.

திரும்பும் வழியெல்லாம் சினம். முப்பது ஆண்டு மேடை கண்டவனைத் தெருவில் தலைகுனிய வைக்கத் திட்டமிடுகிறான். தேநீர்க் கடையில் நடித்துக்காட்ட இன்னொன்று கிடைக்கும். அக்காளும் இதற்கு உடந்தையாக இருக்கலாம். இராயபுரம் பாலம் ஏறும்போது தோன்றியது: அவன் தலை குனிந்ததும் அதே தெருவில்தானே. அங்கே நான் திட்டமிடக்கூட இல்லை.

ஆனி 14, வெள்ளி

தண்ணீர் வண்டி எட்டு மணிக்கு வந்தது. முப்பது குடத்துக்குக் குறையாது. கீழே இறங்கி வண்டியின் பக்கத்தில் நின்றேன். முன்னுரை ஒன்று நினைத்து வைத்திருந்தேன். வரவில்லை. குரலும் எழவில்லை, கட்டு ஏதுமில்லை, ஆயினும் எழவில்லை.

செவ்வாயன்று சொன்னது பிழை, இறாலைக் கொன்றது நான் ஊற்றிய நீர், என் மைத்துனன் நன்றி கெட்டவன் அல்லன், அவற்றைக் காக்கப் பார்த்தவன் என்றேன்.

முன்னால் நின்ற மீன்காரப் பெண்: "இன்னா நைனா, காலையிலேயே கூட்டமா? அப்பால நவுரு, லாரி பூடப்போவுது."

சிலர் சிரித்தார்கள். ஒதுங்கினேன். அப்போதுதான் கண்டேன், வரிசையின் கடைசியில், தோளில் பையோடு ஏழுமலை.

"மாமா, சத்தமா சொல்லு. பின்னால கேக்கல."

மறுபடி சொன்னேன்.