திறக்காத மூடி

அன்புள்ள அம்மா,

நான் சுகம். வழுக்கி விழுந்தாயே, கால் வீக்கம் வடிந்ததா?

இங்கே ஒரு கூத்து. சாலையில் யாராவது குறுக்கே வந்தால், தெருவிலுள்ள கேமரா அதைப் பார்த்து, வருகிற வண்டியை எச்சரிக்க வேண்டும். குறுக்கே ஆள் வருகிறாரா என்ற கணக்கை எந்தக் கணினி போடுவது என்று முடிவெடுக்க ஒரு ஏஐ-யைப் பழக்குகிறேன். முதலில் அது எல்லாவற்றுக்கும் தொலைவிலிருக்கும் பெரிய கணினியிடமே கேட்டது. சோதனைக்கு நிறுத்திய பொம்மையை வண்டி இடித்த பிறகுதான் பதில் வந்தது. "இடிச்சப்புறம் சொல்லி என்ன பிரயோஜனம்?" என்று மேனேஜர் சிரித்தார். இப்போது அவசரத்துக்குத் தெருமுனைக் கம்பத்திலுள்ள சின்னக் கணினியையே கேட்கிறது.

நீ விழுந்தபோது தூரத்திலிருக்கும் என்னை விட்டுப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டதும் சரிதான். கோபமில்லை.

முன்பெல்லாம் டப்பா மூடி இறுகினால், "டேய், இங்க வா" என்பாய். திறந்து கொடுத்தால், "நான் முதல்லயே லூசாக்கி வச்சுட்டேன்" என்பாய்.

இப்போதும் திறக்காத மூடி இருந்தால் அக்காவிடம் கொடுக்காதே. அதற்கு அவசரமில்லை. நான் வரும்வரை இருக்கட்டும்.

ஆபீஸ் பஸ் வந்துவிட்டது.

உன் மகன்