நனைந்த மூட்டையின் எடை

மச்சான்,

இன்று காலையில் கொட்டகலைக் கடைத்தெருவில் மழைக்கு ஒதுங்கி நின்றேன். பக்கத்தில் நனைந்த சாக்குகளை அடுக்கி வைத்திருந்தார்கள். தினமும் புழங்குகிற வாடைதான். ஆனால் வேலையில் கை ஓடிக்கொண்டிருக்கும்; சும்மா நிற்கும்போதுதான் அது ஆளைத் தின்கிறது. வாங்க வந்த சாமானைக்கூட மறந்துவிட்டுத் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டேன்.

மலை உச்சியிலிருந்து ஃபெக்டரிக்குத் தேயிலைக் கொழுந்து மூட்டை இறக்கும் கம்பியில் நீ பிரேக்குத் தடி பிடித்தாய், நான் மூட்டை மாட்டினேன். புதிதாக ஆள் வந்தால் நீ வாயால் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மண் மூட்டையைத் தொங்கவிட்டு, கண் முன்னாலேயே ஓட்டிக் காட்டுவாய். மூட்டை அழகாக இறங்கி நின்றதும் அவர்கள் கிளம்பப் பார்ப்பார்கள். "இருங்கய்யா, ஓடுறத பாக்கவா வந்தீங்க? எங்க காலை வாருதுன்னுல்ல பாக்கணும்" என்பாய். பிறகு எடையைக் கூட்டுவாய், தடியைப் பாதியில் தளர்த்துவாய். ஒருதரம் மூட்டை பிய்ந்து செம்மண் முழுக்க, மேற்பார்வைக்கு வந்த கண்டாக்கையாவின் வெள்ளைக் காலுறையில் கொட்டியது. அவர் குதித்த குதியில் நாங்கள் சிரிக்கவும் முடியாமல் நின்றோம். நீ மட்டும், "இப்ப பிஞ்சுச்சே, அது நல்லதுதாங்கய்யா. நாளைக்கு கொழுந்தோட பிஞ்சிருந்தா?" என்று நிதானமாகக் கேட்டாய்.

பிரேக்கில் புதுத் தோல்பட்டை கட்டிய அன்று, "இதுவரைக்கும் ஏத்துனதுல பெரிய எடை எதுவோ, அத போடு மச்சான்" என்றாய். நான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் போய்ப் பதிவைப் பார்த்தேன். அதில் இருந்தது கழித்த எடை. ஈரத்துக்கு இவ்வளவு, சாக்குக்கு இவ்வளவு என்று கூலிக் கணக்கில் வெட்டியபின் மிஞ்சுவது. அந்த வெட்டைத் திட்டாத நாள் நம் லயத்து வீடுகளில் உண்டா? நானே வாய் கிழியத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அந்த எடைக்கே மண்ணை நிறுத்துக் கட்டினேன். கம்பிக்கு அந்தக் கழிவு தெரியுமா? ஈரத்தையும் சாக்கையும் சேர்த்துத்தானே அது தாங்கவேண்டும்?

"சரியா போட்டியா?" என்று கேட்டாய். "போட்டேன்" என்றேன். நம்பிவிட்டாய். பிரேக் பிடித்தது.

மத்தியானம் மழை. கொழுந்து சொட்டச் சொட்ட வந்தது. மூன்றாவது மூட்டையில் பிரேக் வழுக்கியது. கீழே மூட்டை இறக்க ஆட்கள் நின்றதால் நீ தடியை விடவில்லை. அது திருப்பி உன் நெஞ்சில் அடித்தது. ஹட்டன் போகிற லொறியில் என் மடியில்தான் கிடந்தாய். ஆஸ்பத்திரிவரைகூடத் தாங்கவில்லை.

"கை தவறிட்டான்" என்றார்கள். பிரேக்கை மாற்றவில்லை, ஆளைத்தான் மாற்றினார்கள். உன் பெண்சாதி, என் கூடப்பிறந்தவள், பீலிக்கரையில் அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே குடம் நிரப்பினாள். எனக்கு மறுநாளே விஷயம் உறைத்துவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. பயந்தாங்கொள்ளி மச்சான் நான். ஐந்து மாதம் அப்படியே இருந்தேன்.

தடி பிடிக்க வந்தவனும் ஓடிப்போய், இன்னொருவன் வந்தபோது என்னை ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். கண்டாக்கையா இருந்தார், கொழுந்துக் கூடையோடு தங்கச்சியும் நின்றாள். தடியைக் கயிற்றால் இழுத்துக் கட்டிவிட்டு எல்லோரையும் விலகச் சொன்னேன். அன்று கட்டிய அதே எடையைத் தொங்கவிட்டேன். பிரேக் பிடித்தது. பிறகு, கழிக்காத ஈர எடை. பிரேக் வழுக்கி, மூட்டை பிய்த்துக்கொண்டு போய்க் கீழே மோதியது.

"முதல்ல தொங்குனது அன்னைக்கு நான் போட்டது. ரெண்டாவது, அன்னைக்கு வந்தது. மச்சான் கையில ஒரு தப்பும் இல்லீங்க. தப்பு என்னோடது."

கண்டாக்கையா பிரேக்கைக் குனிந்து பார்த்தார். அந்த வாரமே பிரேக்கை மாற்றினார்கள். தங்கச்சி மட்டும் கிட்டே வந்து, "இத அன்னைக்கே சொல்ல வாய் வரலியாண்ணே?" என்றாள். அதோடு பேச்சு நின்றது. இப்போதும் வாசலில் என்னைக் கண்டால் பிள்ளையிடம், "மாமாவுக்கு தேத்தண்ணி குடு" என்று சொல்லி உள்ளே போய்விடுவாள்.

இப்போது தடி பிடிப்பது நான்தான். புது ஆட்களுக்கு உன்னைப்போலவே ஓட்டிக் காட்டுகிறேன். மண் மூட்டையை நானே நிறுத்துக் கட்டியபிறகும், அதன்மேல் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றுகிறேன். "எதுக்குங்க தண்ணி?" என்று கேட்பார்கள். எடைக்கு என்று சொல்லிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன். அந்த ஒரு வாளியை அன்றைக்கு ஊற்றியிருந்தால், தேத்தண்ணியை நீயே எனக்குக் கொண்டுவந்து கொடுத்திருப்பாய், மச்சான்.