பைலட் வேலை பர்மனென்டா?

மே 19, திங்கள்

காலையிலிருந்தே அனல். மதிப்பெண் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்குப் போய் வந்தேன். கணக்கு 97, அறிவியல் 94. தமிழ் 91தான். (கட்டுரையில் போயிருக்கும்.) செய்ய வேண்டியவை: நூலகப் புத்தகங்களைத் திருப்பித் தர. போட்டோ எடுக்க. அம்மாவிடம் சொல்ல.

மூன்றாவது மட்டும் போன வாரத்திலிருந்து அடிக்கப்படாமல் நிற்கிறது.

இன்று சொல்லிவிட்டேன். அம்மா காலை ஏ ஷிப்ட் முடித்து வந்து, முகம் கழுவி, டீ குடிக்கிற நேரம்.

"பிளஸ் ஒன்ல கணக்கு குரூப் எடுக்கணும்மா. பைலட் ஆவணும்."

அம்மா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டாள்: "பர்மனென்டா, காண்ட்ராக்டா?"

எங்கள் ஒரகடம் பக்கத்தில் எந்த வேலையைச் சொன்னாலும் முதல் கேள்வி இதுதான். மாப்பிள்ளை பார்த்தாலும் இதுதான். அம்மா இருப்பது, கார்களுக்குள் ஓடும் ஒயர்க் கட்டுகளைச் செய்யும் கம்பெனி. காண்ட்ராக்டில் இருந்தவரை நீலக் கோட்டு. பர்மனென்ட் ஆன அன்று சாம்பல் கோட்டு. கம்பெனி பஸ்ஸில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்துக்கொண்டே வந்தாளாம். அப்போது நான் மூன்றாம் வகுப்பு. எனக்குத் தனியாக இரண்டு துண்டு.

நூலகப் புத்தகத்தில் இறக்கை எப்படித் தூக்குகிறது என்று படத்தோடு இருக்கிறது. வேலை பர்மனென்டா என்று எந்தப் பக்கத்திலும் இல்லை.

"தெரியாத வேலைக்கு இன்னாத்துக்குடி ஆசப்படற? இங்கியே காமர்ஸ் குரூப் கீது. நடந்து போலாம். முடிச்சா கம்பெனில ஹெச்.ஆர். ஆபீஸ்ல உக்காரலாம். ஏசி ரூமு."

கணக்கு குரூப் வேண்டுமென்றால் ஸ்ரீபெரும்புதூர் பெண்கள் பள்ளிக்குப் போக வேண்டும். அடுத்த திங்கள்தான் சேர்க்கைக்குக் கடைசி.

அப்பா சாக்ஸைத் தேடிக்கொண்டிருந்தார்.

மே 20, செவ்வாய்

வெயில் நேற்றைப் போலவே. கரண்ட் இரண்டு முறை போயிற்று.

அப்பாவின் வேலை பற்றி இங்கே எழுதியதேயில்லை. அப்பா ஓட்டுவது விமானக் கம்பெனிக்கான கார். பைலட்டுகளையும் ஏர்ஹோஸ்டஸ்களையும் வீட்டில் ஏற்றி மீனம்பாக்கத்தில் விடுவது, திரும்பக் கொண்டுவந்து விடுவது. ஆகவே கேள்வி கேட்க ஆள் இருக்கிறது. ஒரு கேப்டன் மேடம் (இனி கே.மே.) வாரத்தில் பாதி நாள் அப்பாவின் வண்டியில்தான்.

ஆனால் ஒரு விதி: டிரைவர் தானாகப் பேச்சுக் கொடுக்கக் கூடாது. அவர்கள் பேசினால் பதில். இல்லையென்றால் ரோட்டைப் பார். வண்டியில் ஏறுகிறவர்கள் தூங்குவார்கள், அல்லது எதையாவது நினைத்துக்கொண்டிருப்பார்கள். புகார் போனால் வண்டி போய்விடும். அப்பா இதுவரை ஒருமுறைகூடத் தானாகப் பேசியதில்லை.

அம்மா பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேள்விகளைச் சொன்னாள். அப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டார்.

"பர்மனென்டான்னு கேளு. கோ-பைலட்டு கோ-பைலட்டுன்றாளே, அது டிரெய்னியா ஹெல்பரா? கொழந்த பொறந்தா திரும்ப உள்ள எடுப்பாங்களா? எத்தினி வயசு வரிக்கும் ஓடும்? அப்பறம், கம்பெனி பஸ்ஸு வுடுவாங்களா?"

"அட, அந்த பஸ்ஸே நான்தான்டி!" என்றார் அப்பா.

அம்மா சிரித்ததில் பீன்ஸ் தட்டு கவிழ்ந்தது. பொறுக்கியது நான்.

மே 21, புதன்

அப்பா கேட்கவில்லை. மேடம் ஏறினதும் கண்ணை மூடிவிட்டாராம்.

மாலையில் மாடியில். மீனம்பாக்கத்தில் இறங்கப்போகும் விமானங்கள் எங்கள் தலைக்கு மேல்தான் வரிசை பிடிக்கும். விளக்கைப் போட்டுக்கொண்டு, ஒன்றின் பின் ஒன்றாக. சிறு வயதில் அவை நம் வீட்டுக்கு வழி கேட்டு வருகின்றன என்று நினைத்திருந்தேன்.

மாடி அறையில் வாடகைக்கு இருக்கும் இசக்கி அக்கா துணி எடுக்க வந்தாள். திருநெல்வேலிப் பக்கம். இங்கே போன் கம்பெனியில் காண்ட்ராக்ட். விஷயம் அவளுக்கும் போய்விட்டது.

"ஏளா, நீ பிளைட்டு ஓட்டப் போறியாமே! பொங்கலுக்கு என்னையத் தூத்துக்குடி வரைக்கும் கொண்டு விட்டுரு. அங்கன இருந்து நான் பஸ்ஸு பிடிச்சிக்கிடுதேன்."

"டிக்கெட்?"

"டிரைவருக்குத் தெரிஞ்சவங்களுக்கு எதுக்குளா டிக்கெட்டு?"

பிறகு துணியை மடித்துக்கொண்டே சொன்னாள்: "ஒன் அம்ம கேக்குறது நாயந்தான். எனக்கு ஆறு மாசத்துக்கு ஒருக்கா நெஞ்சு திக்குதிக்குங்கும், காண்ட்ராக்ட் லிஸ்டுல பேரு இருக்கா இல்லையான்னு. அந்த பயம் ஒனக்கு வேணாம்னு பாக்காவ."

அதுவரை அம்மா மேல் கோபமாக இருந்தேன். இப்போது முழுக் கோபம் வரவில்லை.

என்னையே கேட்டுப் பார்த்தேன்: முப்பது வருடம் ஓட்டுவேனா? ஆசை மட்டும் போதுமா? தலைவலி. தூங்கினேன்.

மே 22, வியாழன்

கேட்டுவிட்டார்!!

நடந்தது (அப்பா சொன்னபடி): பின் சீட்டில் கே.மே. தூங்குகிறார். பல்லாவரம் சிக்னலில் வண்டி நிற்கிறது. அப்பா கேள்விகளை மறந்துவிடக்கூடாதே என்று மெதுவாக வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "பர்மனென்டா... ஹெல்பரா... கொழந்த பொறந்தா..." நிமிர்ந்தால், கண்ணாடியில் மேடம் விழித்துப் பார்க்கிறார்.

"அண்ணா, யாருக்குக் குழந்தை?"

அப்பாவுக்கு வேர்த்துவிட்டதாம். "மன்னிச்சிடுங்க மேடம். என் பொண்ணு. பொறக்கல, பத்தாவது முடிச்சிட்டா."

அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாராம். விமான நிலையம் வருகிற வரை கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கிக்கொண்டாராம். "இது கார்ல சொல்ற பதில் இல்லண்ணா. அக்காவுக்கு நான் வாய்ஸ் மெசேஜ்ல அனுப்பறேன்."

என் அப்பா விதியை மீறவில்லை. மேடம்தான் முதலில் பேசியது. அப்பா இதை மூன்று முறை சொன்னார். ஆனால் வேண்டுமென்றேதான் வாய்விட்டுச் சொல்லியிருப்பார் என்று எனக்கு ஒரு சந்தேகம். கேட்டால், "போடி" என்கிறார். சிரிப்பை அடக்கிக்கொண்டு.

மே 23, வெள்ளி

மேகம் மட்டும். மழை இல்லை.

வாய்ஸ் வந்துவிட்டது. அம்மா, நான், அப்பா, போன் நடுவில். கேட்டுக் கேட்டு எழுதியது, முக்கியமானவை மட்டும்:

"அக்கா, வணக்கம். உங்க முதல் கேள்விக்கு நேராவே சொல்லிடறேன். கம்பெனி பேப்பர்ல நான் பர்மனென்ட். ஆனா வருஷா வருஷம் டாக்டர் பாக்கணும். கண்ணு, காது, இதயம், எல்லாம். அவர் வேணாம்னுட்டா அன்னைக்கே வீடுதான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவ சிமுலேட்டர்னு ஒரு பெட்டிக்குள்ள உக்கார வெச்சு, எஞ்சின்ல தீப்பிடிச்ச மாதிரி, ஒண்ணுமே தெரியாத மூடுபனி மாதிரி, எல்லாம் காட்டி சோதிப்பாங்க. ஃபெயிலானா ஓட்ட முடியாது. நான் கேப்டன் ஆன பிறகும் அப்படித்தான். பயமில்லாம ஒரு தடவகூட போனதில்ல."

"கோ-பைலட் ஹெல்பர் இல்லக்கா. அவரும் ஓட்டுவார். தோள்ல எனக்கு நாலு பட்டை, அவருக்கு மூணு. நான் மயங்கி விழுந்தா அவர்தான் எல்லாரையும் இறக்கணும்."

(அம்மா இங்கே: "ம். கோட்டு கலரு மாதிரி." உடனே புரிந்துவிட்டது அவளுக்கு.)

"எனக்கு ஒரு பையன். திரும்ப எடுத்தாங்க. திரும்பவும் எல்லா டெஸ்ட்டும் குடுத்தேன். அறுபத்தஞ்சு வரைக்கும் ஓட்டலாம், உடம்பு விட்டா. ஆனா என் கூட லைசென்ஸ் வாங்கினவங்கள்ல சில பேருக்கு ரொம்ப நாள் வேலையே கிடைக்கல. ஒரு கம்பெனி மூடி, வேலை போனவங்களும் உண்டு. கொரோனாவுல நான் வீட்ல உக்காந்து பக்கத்து வீட்டுப் பசங்களுக்குக் கணக்கு சொல்லிக் குடுத்தேன். படிப்புச் செலவு பெருசு, அதையும் மறைக்கல. தீபாவளிக்கு எந்த ஊர்ல இருப்பேன்னு எனக்கே தெரியாது."

என் முகம் வாடிவிட்டது. அப்பா போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா ஒயர் சுற்றுகிற பழக்கத்தில் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

கடைசியாக:

"நீடிக்குமான்னு கேட்டா, சத்தியம் பண்ண முடியாதுக்கா. ஒண்ணு மட்டும் சொல்றேன். இத்தனை வருஷத்துல, டூட்டி எப்ப முடியும்னு நான் கடிகாரத்தப் பாத்ததே இல்ல."

வாய்ஸ் முடிந்தது.

"நான் பாப்பேன்," என்றாள் அம்மா. "டெய்லி பாப்பேன்."

எழுந்து உலை வைக்கப் போய்விட்டாள்.

மே 24, சனி

அம்மாவுக்கு இன்று ஓ.டி. திரும்பி வந்ததும், "அந்த வாய்ஸ இன்னொரு வாட்டி போடு. பெட்டிக்குள்ள சோதிக்கிறது வருதே, அங்க" என்றாள். இரண்டு முறை கேட்டாள்.

பிறகு அவள் சொன்னது எனக்குத் தெரியாத விஷயம். கம்பெனியில் அவர்கள் வேலை செய்கிற லைனில் ஒரு பெரிய போர்டு. எல்லோருடைய போட்டோவும். பக்கத்தில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வட்டம். கற்றுக்கொள்கிறவர்களுக்குக் கால் வட்டம் கறுப்பு. தனியாகச் செய்யத் தெரிந்தால் அரை. தப்பில்லாமல், வேகமாக என்றால் முக்கால். பிறருக்குச் சொல்லிக் கொடுக்கிற அளவு என்றால் முழுதும். சும்மா ஒருமுறை வாங்கி மாட்டிக்கொள்வதல்ல. திரும்பத் திரும்பப் பரீட்சை வைப்பார்கள். சரியாக வரவில்லையென்றால் கறுப்பு குறையும். எல்லோரும் பார்க்கிற போர்டில்.

"உனக்கு?"

"எல்லாத்துலயும் முழுசு."

"எல்லாத்துலயுமா?"

"ஆமா. இன்னாத்துக்கு இப்டி மொறைக்கிற?"

கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, ஆகவே போட்டோ கிடையாது. இத்தனை வருடம் என் அம்மாவின் முகம் ஒரு சுவரில் கறுப்பு வட்டங்களோடு இருக்கிறது, நான் பார்த்ததில்லை. வட்டங்களை வரைந்து காட்டச் சொன்னேன். காலண்டர் தாளின் பின்னால் வரைந்தாள். காம்பஸ் வைத்ததுபோல் உருண்டை.

அதைப் படம் எடுத்து கே.மே.க்கு அனுப்பலாமா என்றேன். வேண்டாம் என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அனுப்பித்தான் பாரேன்" என்றாள்.

பதில் உடனே: "அக்கா!!! லைன்ல எத்தனை பேருக்கு இப்படி?"

"ரெண்டே பேருன்னு போடு," என்றாள் அம்மா. "இன்னொருத்தி போன மாசம் நின்னுட்டா. அதையும் போடு."

மே 25, ஞாயிறு

எண்ணெய்க் குளியல். கோழிக் குழம்பு. நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் என்று ஒரு பயம்.

இந்த டைரியை வைத்துக்கொண்டு எழுதிப் பார்த்தேன். அந்த வேலை போய்விடலாம். உடம்பு விட்டுவிடலாம். கம்பெனி மூடலாம். எல்லாம் உண்மை. ஆனால் அம்மாவின் வேலையும் ஒவ்வொரு பரீட்சையாகத்தான் இத்தனை வருடம் நின்றிருக்கிறது. யாரும் மொத்தமாகக் கொடுத்துவிடவில்லை. பயந்துகொண்டே போய் முழு வட்டம் வாங்குகிறவளின் பெண் நான். எனக்கு இதுவரை இது தெரியாமல் போனதுதான் ஆச்சரியம்.

சாயங்காலம் அம்மா அப்பாவிடம்: "ஸ்ரீபெரும்புதூருக்குக் காத்தால எத்தினி மணிக்கு பஸ்ஸு?"

"எதுக்கு?"

"உன்ன ஒரு கேள்வி கேட்டா நீ ஒரு கேள்வி கேளு."

"படிப்புச் செலவு...?" என்று அப்பா இழுத்தார்.

"அது ரெண்டு வருசம் கழிச்சி. நாளைக்கு குரூப்பு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் கோழி எலும்பைப் பார்த்தேன். அதில் ஒன்றும் இல்லை, இருந்தும் கடித்துக்கொண்டே இருந்தேன்.

மே 26, திங்கள்

விடிகாலை நல்ல மழை. ஒரகடம் கூட்டு ரோட்டில் முழங்காலுக்குத் தண்ணீர். அம்மா கட்டியிருந்தது பட்டுப்புடவை மாதிரி இருக்கிற பச்சைப் புடவை. இந்த வாரம் பி ஷிப்ட், மதியம் பஸ் பிடிக்க வேண்டும். அப்பா டூட்டிக்குப் போய்விட்டார்.

பள்ளியில் வரிசை. எங்கள் முறை வந்தது. கணக்கு டீச்சர்தான் உட்கார்ந்திருந்தார். நல்லவராகத் தெரிந்தார். மதிப்பெண்ணைப் பார்த்து, "அருமை" என்றார். பிறகு ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, வெளிப்படையா சொல்றேன். கணக்கு குரூப்புக்கு டெய்லி சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ். உங்க பக்கத்துலேர்ந்து வர்ற பொண்ணுங்க நாலு மாசத்துல நின்னுடறாங்க. இருட்டிடுது, லாரி ரோடு, கூட்டிட்டுப் போக ஆள் இல்லன்றாங்க. சீட்டும் வீணாப் போகுது. பஸ் ஸ்டாப்புலேர்ந்து கூட்டிட்டுப் போக வீட்ல யார் இருப்பாங்க?"

எனக்கு இது தோன்றவேயில்லை. அப்பாவுக்கு நேரமே கிடையாது. அம்மாவுக்கு பி ஷிப்ட் வாரங்களில் வீடு திரும்ப ராத்திரி ஆகிவிடும். முடிந்தது என்று நினைத்தேன்.

"நான் இருப்பேன்," என்றாள் அம்மா. "இனிமேட்டு எனக்கு ஏ ஷிப்ட்டு மட்டுந்தான்."

"கம்பெனில ஒத்துப்பாங்களா?"

"சனிக்கெழமயே சூப்பர்வைசரக் கேட்டுட்டேன் மேடம். மாத்திக்க ஆள் இருந்தா சரின்னாரு. ஆள் கீது."

சனிக்கிழமை. வட்டம் வரைவதற்கு முன்பே.

அதாவது இனி அம்மா தினமும் விடிகாலை நாலு மணிக்கு எழ வேண்டும். மழையில், பனியில், எல்லா வாரமும்.

டீச்சர் பேனாவை எடுத்தார். என் பெயரை எழுதினார். குரூப் என்ற இடத்தில் ஒன்று. அதுதான் கணக்கு குரூப்.

வெளியே வந்ததும், வாசலிலேயே அம்மா போனைப் போட்டாள். அவள் லைனில் இருக்கும் செல்வி அத்தைக்கு. மழை நின்று, தெரு முழுக்கப் பெற்றோர்கள், ஷேர் ஆட்டோக்காரர்கள்.

"ஏ செல்வி, பி ஷிப்ட்டு பூரா உனுதுடி. நல்லா தூங்கு காத்தால. ...ஆங், சீட்டு கெட்ச்சிடுச்சி. ...இன்னா படிக்கவா? காதுல வாங்கிக்கோ, ரெண்டாவது வாட்டி சொல்ல மாட்டேன். எம் பொண்ணு பிளைட்டு ஓட்டப் போறா."

செல்வி அத்தைக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. அம்மா இரண்டாவது முறையும் சொன்னாள். இன்னும் சத்தமாக.