குதிரை மேல் கை வைக்காதீர்

லாபு தோட்டம்
சனிக்கிழமை

அன்பு மகள் இந்துமதிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சுகம், என் முட்டி மட்டும் தனிக்கட்சி நடத்துகிறது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ஆதிரையும் பெர்த்தில் நோய்நொடி இல்லாமல் இருக்க முனியாண்டி சாமியைக் கும்பிட்டுக்கொள்கிறேன். போனில் பேச ஆரம்பித்தால் பாதியில் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், அதனால்தான் ஆறாம் வகுப்புத் தமிழை நம்பிப் பேனாவை எடுத்தேன்.

வயிறு எரிகிறது மகளே. ஒவ்வொரு திருவிழாவுக்கு முன்னாலும் நம் கோயில் சாமிக்கும் குதிரைக்கும் தோட்டத்து ஆட்கள்தானே பெயிண்ட் அடிப்போம். யார் வீட்டில் என்ன மிச்சமோ அது வரும். ஒரு வருஷம் லோரிக்கு அடித்த பச்சைதான் மிஞ்சியது என்று குதிரை வயிற்றைத் தவிர மற்றதெல்லாம் பச்சையாகவே நின்றது, யாரும் சாமி குத்தம் என்று சொல்லவில்லை. குதிரை முகம் என் பொறுப்பு, நான் வரைந்தால் அது ஆட்டு முகமாகத்தான் வரும், ஒத்துக்கொள்கிறேன். ரெம்பாவிலிருந்து வந்த ஒருவர் தேங்காய் உடைத்துவிட்டு, இந்தச் சாமிக்கு ஆடுதான் வாகனமா என்று என்னிடமே கேட்டார், ஆமாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் கடைசியில், அந்த வருஷம் பிறந்த பிள்ளைகளைத் தூக்கி வந்து உள்ளங்கையில் பெயிண்ட் தடவிக் குதிரை வயிற்றில் அழுத்துவோமே, அதற்குத்தானே கூட்டமே கூடும். வயிற்றை மட்டும் எந்த வருஷமும் அழிக்க மாட்டோம். உன் கை பின்னங்காலை ஒட்டி இருந்தது. எடுக்கும்போது நீ இழுத்துவிட்டதால் ஆறு விரல் மாதிரி தெரியும்.

இந்த வருஷம் கமிட்டித் தலைவர் அமிர்தலிங்கம் யாரையும் கேட்காமல் சிரம்பான் டவுனிலிருந்து பெயிண்ட் குத்தகைக்காரனைக் கூட்டி வந்துவிட்டார். அவன் மிஷின் வைத்து அடித்துவிட்டுப் போனான். சாமி சிவப்பாகி, மீசை மெலிந்து, நகைக்கடை விளம்பரத்து மாப்பிள்ளை மாதிரி நிற்கிறார். குதிரை பால் வெள்ளை. வயிற்றில் ஒரு கை கிடையாது, உன் ஆறு விரலும் போய்விட்டது. போதாததற்குக் குதிரைக் கழுத்தில் ஒரு பலகை, கை வைக்காதீர் என்று தமிழிலும் மலாயிலும். கோயில் கூட்டத்தில் கேட்டோம். செம்பனை உதிரிப் பழம் பொறுக்கும் நம் பஞ்சாலை அக்காதான் முதலில் எழுந்தாள். தலைவரே, கட்டின புருஷன் மூஞ்சிய யாராவது கேக்காம மாத்துவாங்களா என்றாள். அவர், அதெல்லாம் கிறுக்கல்மா, வெளியூர் ஆளு வராங்க, போட்டோ புடிக்கிறாங்க, கொஞ்சம் ஸ்டேண்டர்டா இருக்க வேணாமா லா என்றார். அக்கா விடவில்லை. ஒங்க மகன் சசிதரன் கைய வெச்சப்ப கிறுக்கல்னு தெரியலையா, போட்டோ புடிச்சு ஹால்ல மாட்டுனீங்களே என்றாள். அவர் தண்ணீர் குடித்துவிட்டு, கமிட்டியில பேசுவோம் என்று முடித்துவிட்டார். நானும் எழுந்தேன். மனதுக்குள் பெரிய சொற்பொழிவு இருந்தது, வாயில் வந்தது, அது என் குதிரை என்பது மட்டும்தான். ஆடு என்று பின்னாலிருந்து எவனோ திருத்தினான். கூட்டமே சிரித்தது, உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து யோசித்தால் கோபம் கூடத்தான் செய்கிறது. அழகாக இல்லை என்கிறார், சரி. போர்டிக்சன் ஓட்டல் வாசலில் இதைவிட நல்ல குதிரை நிற்கிறது. அங்கே யாராவது பிள்ளையைத் தூக்கிக் காட்டி, இதோ பாரு, இது உன் கை என்று சொல்லியிருக்கிறார்களா? வருஷம் பூராவும் வேலை வாங்கும் மண்டோர் வெட்டச் சொன்னதை வெட்டுகிறோம், ஏற்றச் சொன்னதை ஏற்றுகிறோம். ஒரே ஒரு நாள் நம் இஷ்டத்துக்கு ஒரு கோடு இழுக்கிறோம், கோணலாக இருந்தாலும் அது நம் கோணல். அதற்கும் ஆள் வைத்துவிட்டால் திருவிழாவில் நமக்கு என்ன வேலை, வந்து கைதட்டுவதா? அப்படியானால் கைதட்டவும் சிரம்பானிலிருந்தே ஆள் பிடித்துக்கொள்ளட்டும்.

அடுத்து நடந்ததை மாப்பிள்ளையிடம் சொல்லாதே. பலகையை நான் கழற்றி வந்துவிட்டேன். கோயில் சொத்து, விளங்குமா இது என்று அம்மா திட்டித் தீர்த்தாள். பிறகு, அளவு சரியா இருக்கே என்று எழுத்துப் பக்கத்தைக் கீழே வைத்துத் தண்ணீர் ட்ரம்முக்கு மூடியாகப் போட்டுவிட்டாள். நேற்று தலைவரே வீட்டுக்கு வந்தார், பலகைய எங்கயாச்சும் பாத்தியா மணியம் என்று. அம்மா காப்பி கொடுத்தாள். கோப்பையை அந்த மூடி மேலேயே வைத்துக்கொண்டு, இந்தக் காலத்துல எவனுக்கும் மரியாதையே இல்லப்பா என்றார். ஆமாங்க தலைவரே என்றேன். புதுப் பலகை எழுதக் கொடுத்திருக்கிறாராம், திருவிழாவுக்கு முதல் நாள்தான் கைக்கு வருமாம்.

அதனால் நீ அதற்கு முந்தின வாரமே வந்துவிடு. பஞ்சாலை அக்கா பேரனும் மற்றக் கைக்குழந்தைகளும் தயார், ஆதிரைக்காகத்தான் காத்திருக்கிறார்கள். நீலப் பெயிண்ட் வாங்கிவிட்டேன், பிள்ளை தோலுக்கு ஆகுமா என்று கேட்டுத்தான் வாங்கினேன். மாப்பிள்ளையை நேரத்துக்குச் சாப்பிடச் சொல், குளிரில் பிள்ளையை வெளியே தூக்கிப் போகாதே. நீங்கள் மூவரும் குறையில்லாமல் வாழ முனியாண்டி துணை இருப்பார், பழைய மீசையோ புது மீசையோ. கிளம்பும்போது பேத்திக்கு நகம் வெட்டிக் கூட்டி வா. கையை இழுத்துவிட்டால் இழுக்கட்டும், ஆறு விரல் நம் குடும்ப வழக்கம்.

இப்படிக்கு,
ஆட்டைக் குதிரையென்று சாதிக்கும்
உன் அப்பா,
மணியம்