குட்டை ஒயர்

19-10-91, சனி

காலையிலிருந்து தூறல். பஸ் லேட். ஷெட் வாசலெல்லாம் சேறு.

வீடியோ கேம் பேக்கிங் பாதி முடிந்தது. தீபாவளி லோடு செவ்வாய்க்கிழமை மெட்ராஸ் போக வேண்டும். போன வருடம் குச்சியை ஆட்டி விளையாடுகிற மாடல்; அத்தனையும் திரும்பி வந்தது. இந்தத் தடவை கைக்கு அடக்கமான பேட், ரெண்டு பட்டன். முதலாளி சார் மறுபடி அதே பாட்டு: "பெட்டி எல்லார்கிட்டயும் ஒரே பெட்டிதான். கையில புடிக்கிறது நல்லா இருந்தாத்தான் விக்கும்." கடை மேஜையில் சிக்குகிறது என்று டீலர் சொன்னதால் பேட் ஒயரையும் குட்டையாக்கிவிட்டார். பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது. டெஸ்டிங் என் பொறுப்பு. எங்கள் பெஞ்சில் டிவி கைக்கெட்டும் தூரம். எல்லாம் ஓகே.

அக்கா பையன் சீனுவுக்குக் காட்ட ஒரு செட் கேட்டேன். கொடுத்தார். மறக்காமல்: ஊசி, நூல், பிஸ்கட்.

20, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை.

பிள்ளைப்பாக்கம், அக்கா வீடு. சீனு நோண்டுவான் என்று டிவியை உயரமான ஸ்டாண்டு மேல் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் இருக்கிற எந்த வீட்டில்தான் அப்படி இல்லை? பக்கத்தில் கேம் பெட்டி. ஒயர் எட்டாமல் சீனு நின்றுகொண்டே ஆடினான். பொம்மை பள்ளம் தாண்டும்போதெல்லாம் இவனும் பேடைத் தூக்கிப் பின்னால் இழுக்கிறான். ஓங்கி ஒரு இழுப்பு. பெட்டி விழுந்தது. பெட்டியிலிருந்து டிவிக்கு நான் திருகாணி போட்டு முறுக்கிவிட்ட ஆண்டெனா ஒயர் டிவியையும் சேர்த்து இழுத்தது. மாமா பாய்ந்து பிடித்தார். சீனு தலைக்கு நேர் மேலே.

அக்கா: "இன்னாடி கொண்டாந்துகீற வூட்டுக்குள்ள?"

பேக் ஆன பெட்டி ஒவ்வொன்றும் ஒரு வீட்டுக்குப் போகும். பயமாக இருக்கிறது.

21, திங்கள்

சாரிடம் சொன்னேன். அலமாரி மேல் டிவியை ஏற்றி அவரையே ஆடச் சொன்னேன். ஆபீசர் கையெழுத்துப் போடுகிற மாதிரி மெதுவாக அமுக்கினார். ஒன்றும் அசையவில்லை.

"பாத்தியா? இப்ப ஒயர் மாத்தினா தீபாவளி போச்சு. தீபாவளி போனா ஷெட்ட மூட வேண்டியதுதான். இத்தன பொண்ணுங்களுக்கு நீ பதில் சொல்றியா?"

சொல்ல முடியாது. எனக்கும் இந்த வேலைதான்.

சாயங்காலம் மகளுக்கென்று ஒரு செட் எடுத்துக்கொண்டார். "சார், டிவிய கீழ எறக்கி வெச்சுட்டு குடுங்க" என்றேன். சிரித்தார். அவளுக்கும் சீனு வயசு.

22, செவ்வாய்

மழை விட்டிருக்கிறது. லோடு ஏற்றிய லாரி கேட்டில். சார் வந்து பில் கொடுத்தால்தான் கிளம்பும். காலையில் எல்லோருக்கும் முன்னால் வருகிறவர், டீ நேரம் தாண்டியும் காணோம். பூட்டிய அவர் அறைக்குள் போன் அடிக்கிறது. நிற்கிறது. மறுபடி அடிக்கிறது. நேற்று அவர் எடுத்துப்போன செட்தான் ஞாபகம்.

சாப்பாட்டு நேரத்தில் வந்தார். வலது கையில் முழங்கை வரை கட்டு. யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"பாப்பா, சார்?"

"அவளுக்கு ஒண்ணும் இல்ல. என் கை மேலதான் வுழுந்துச்சு." பிறகு டிரைவரிடம்: "லோட எறக்குப்பா."

டீலருக்கு போன் போட உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை. நீள ஒயர் எடுத்துப் பேடில் பற்றவைக்க உட்கார்ந்தேன். பக்கத்து சீட் அமுதா குனிந்து கேட்டாள்: "அக்கா, நாளைக்கு வேலை இருக்குதா?"